இடது பக்கம் மாறவில்லை

மங்களம் தப்பான பட்டனை அமுக்கினாள். அவள் மகள் மறுபடியும் பள்ளத்தில் விழுந்து செத்தாள்.

"அலாமா! எத்தனை தடவைதான்மா என்னைக் கொல்லுவீங்க?" காதுக்குள் ஷர்மினி சிரித்தாள்.

"நானா கொல்றேன்? இந்தப் புது சனியன் கொல்லுது லா" என்று மங்களம் கையிலிருந்த கன்ட்ரோலரை முறைத்தாள்.

மகள் பினாங்கில் இருந்தாள், தாய் ஈப்போவில், புந்தோங்கில் ஒரு பழைய வரிசை வீட்டில். சனி, ஞாயிறு வந்தால் இருவரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே வீடியோ கேமுக்குள் இறங்கிவிடுவார்கள். ஒரு மலைத்தீவு, அதில் இரண்டு பெண்கள். ஒருத்தி மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தி அதில் தொங்கிப் பாறையோரமாக இறங்க வேண்டும். மேலே இருப்பவள் கையை விட்டால் கீழே இருப்பவள் காலி.

இந்தப் பழக்கம் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வந்தது. அப்போது ஷர்மினி வீட்டோடு அடைந்து கிடந்தாள். சேர்ந்து விளையாட ஆள் இல்லாமல், "வாங்கம்மா, ஒரு கை குறையுது" என்று தாயை இழுத்து உட்கார வைத்தாள். கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பயந்து பயந்து கன்ட்ரோலரைப் பிடித்த மங்களம் சில மாதங்களில் மகளையே மிஞ்சிவிட்டாள். அதில் பெரிய ஆச்சரியம் ஒன்றுமில்லை. எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக்குக் கீழே அரிசிமணி அளவுச் சாமான்களைப் பொருத்திப் பொருத்தியே வேலைக்காலத்தை முடித்தவள் அவள். கணவர் ராமையா இறந்து, மகளும் பினாங்குக்கு வேலைக்குப் போன பிறகு, வாரம் முழுக்க அவள் காத்திருந்தது அந்த இரண்டு நாள்களுக்காகத்தான்.

பழைய கேம் பெட்டி ஓர் இடிமழையில் கருகிப்போனது. தீபாவளிக்கு வந்த ஷர்மினி வேறு கம்பெனிப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தாள். அதில்தான் சிக்கல். பழைய கன்ட்ரோலரில் வலது கட்டைவிரலுக்குக் கீழே இருந்த பட்டன் 'பிடி', அதற்கு வலப்பக்கத்துப் பட்டன் 'விடு'. புதியதில் அப்படியே தலைகீழ். வலப்பக்கம் பிடி, கீழே விடு. மற்றதெல்லாம் ஒன்றுதான். இடது கைக்கு அதே உருளைக் குமிழ். அதை மேலே தள்ளினால் திரையில் இருக்கும் பெண் முன்னே நடப்பாள், பக்கவாட்டில் தள்ளினால் திரும்புவாள்.

"பழகிடும்மா. எனக்கும் கொஞ்ச நாள் தடுமாறுச்சு. மூளை தானா மாத்திக்கும்" என்றாள் ஷர்மினி.

மூளை மாற்றிக்கொண்டது. குழம்பைக் கிளறும்போதும் பாசாருக்கு நடக்கும்போதும் "வலப்பக்கம் பிடி, கீழே விடு" என்று மங்களம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தைப்பூசம் முடிந்தபோது ஷர்மினி பள்ளத்தில் விழுவது அபூர்வமாகிவிட்டது. மங்களத்துக்குத் தன் விரல்கள் மேல் பழைய கர்வம் திரும்பியது.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம், திரையில் இருந்த அவளுடைய பெண் கோணல்மாணலாக நடக்கத் தொடங்கினாள். பாலத்தின் மேல் நேராகப் போக வேண்டியவள் ஓரத்துக்கு ஒதுங்கினாள். பிறகு நின்றே விட்டாள்.

"என்னம்மா நின்னுட்டீங்க?"

மங்களம் குனிந்து பார்த்தாள். இடது கட்டைவிரல் குமிழின் மேல் இல்லை. வழுக்கி விழுந்து, பக்கத்தில் சும்மா கிடந்தது. அது வழுக்கியதே அவளுக்குத் தெரியவில்லை. இன்னும் குமிழைத் தள்ளிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தாள்.

"பட்டன் மாறிப்போச்சுல்ல, குழம்புது லா" என்றாள்.

"இன்னுமா?" என்று சிரித்துவிட்டு ஷர்மினி விளையாட்டைத் தொடர்ந்தாள்.

சொல்லி முடித்த பிறகுதான் மங்களத்துக்கு அது உறைத்தது. பட்டன் மாறியது வலது பக்கம். இடது பக்கம் எதுவும் மாறவில்லை.

அவளுக்கு உடனே அக்காவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அக்கா கருப்பம்மாள் தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில் பக்கவாதத்தில் விழுந்து, வருடக்கணக்கில் பலகைக் கட்டிலில் கிடந்தே செத்தாள். ஒரு தடவை மங்களம் பார்க்கப் போனபோது அக்காவின் கன்னத்தில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. ஈ மெல்ல ஏறிக் கண்ணோரம் வரை போனது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையைத் தூக்க முடியவில்லை, வாயைத் திறந்தால் சொல் வராமல் ஏதோ ஒரு சத்தம்தான் வந்தது. வேலையை விட்டுவிட்டு அவளுக்கு மலஜலம் எடுத்துக்கொண்டிருந்த அவள் மகள், அடுப்படியில் இருந்தபடியே, "எப்பதான் விடிவுகாலமோ" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள்களில் மங்களம் தன் இடது கையைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கோப்பிக் குவளை அதிலிருந்து நழுவி உடைந்தது. ரவிக்கை ஊக்கு மாட்ட மறுத்தது. பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பியபோது மீன்காரன் பின்னாலிருந்து கூப்பிட்டான். அவளுடைய இடது செருப்பு கழன்று கடை வாசலிலேயே கிடந்தது. ஒற்றைக்கால் வெறுங்காலாக ஈரச் சிமெண்டில் நடந்து வந்திருக்கிறாள், தெரியவில்லை. காலையில் எழுந்தால் தலை கனத்தது. பனடோல் மாத்திரை போட்டுக்கொண்டாள்.

கிளினிக்குக்குப் போகலாம் என்று ஒருநாள் சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசல் கிரில் கதவு வரை போனவள் அங்கேயே நின்றாள். போனால் டாக்டர் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். ஷர்மினி வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாள். அப்புறம் அவளும் ஒருநாள் அடுப்படியிலிருந்து அந்த வார்த்தையைச் சொல்லுவாள். மங்களம் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே வந்து சேலையை அவிழ்த்தாள்.

பழக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வலது கை பழகவில்லையா? இடது கையும் பழகும். வாரநாளில் தனியாக உட்கார்ந்து விளையாடிப் பார்த்தாள். திரையில் இருந்த பெண் சுவரில் முட்டிக்கொண்டு நின்றாள், தண்ணீரில் இறங்கினாள், நின்ற இடத்திலேயே சுற்றினாள். பார்க்கப் பார்க்க மங்களத்துக்கு வியர்த்தது. தன் உடம்புக்குள் நடப்பதை யாரோ வெளியே படமாகப் போட்டுக் காட்டுவதுபோல் இருந்தது.

கடைசியில் கறிவேப்பிலைக் கட்டில் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தை எடுத்தாள். இடது கட்டைவிரலைக் குமிழின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ரப்பரால் சுற்றினாள். இனி விரல் வழுக்காது. மணிக்கட்டைச் சாய்த்தால் குமிழும் சாய்ந்தது.

அந்த சனிக்கிழமை ஷர்மினி சொன்னாள்: "இன்னைக்கு நேரா நடக்குறீங்களே! பழகிடுச்சா?"

"ம்ம். பழகிடுச்சு."

ரப்பருக்குள் கட்டைவிரல் ஊதா நிறமாக மாறிக்கொண்டிருந்தது. அதுவும் வலிக்கவில்லை. வலிக்காததுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

ஆனால் ஷர்மினி கவனிக்காதவள் இல்லை. மறுநாள் ஆட்டத்தின் நடுவே திடீரென்று கேட்டாள்.

"மா, ஒண்ணு கேக்கவா? பட்டன் வலது பக்கம்தானே மாறிருக்கு. நீங்க இடது பக்கம்தான் தப்பு பண்றீங்க. ஓடும்போது திரும்ப மாட்டேங்குறீங்க."

"வயசாகுது பாப்பா."

"போன்ல வீடியோ போடுங்க. உங்க கையைப் பாக்கணும்."

"லைன் சரியில்ல."

"லைன் நல்லாத்தான் இருக்கு. போடுங்கம்மா."

"என்னை என்ன பரிச்சை வைக்கிறியா?" என்று மங்களம் கத்தினாள். அவளுக்கே அந்தச் சத்தம் புதிதாக இருந்தது. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு, வலது கையாலும் பல்லாலும் ரப்பரை அவிழ்த்தாள். அந்த வாரம் மகள் போன் அடித்தபோதெல்லாம் கோயிலில் இருப்பதாக, குளிக்கப் போவதாக, தூக்கம் வருவதாகச் சொல்லி வைத்துவிட்டாள். வார்த்தைகள் நாக்கில் கொஞ்சம் தடிப்பாகப் புரண்டன. நீளமாகப் பேசினால் மகள் கண்டுபிடித்துவிடுவாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே கூப்பிட்டாள். பேசாமல் இருந்தால் சந்தேகம் வரும்.

"பசியாறிட்டீங்களா?" ஷர்மினியின் குரல் ஜாக்கிரதையாக இருந்தது.

"ஆச்சு. நீ?"

"இனிமேதான். வாங்க, அந்த மலையை இன்னைக்கு முடிச்சிடலாம்."

மங்களம் மலை உச்சியில் நின்று கயிற்றைப் பிடித்தாள். வலது கட்டைவிரல் வலப்பக்கத்துப் பட்டனை அமுக்கியிருந்தது. ஷர்மினி தொங்கிக்கொண்டே கீழே இறங்கினாள். மிகவும் கீழே போய்விட்டாள். அடியில் கடல்.

"மா, இப்ப பின்னால நடங்க. என்னைத் தூக்குங்க."

மங்களம் இடது கையைச் சாய்க்க நினைத்தாள். கை வரவில்லை. ரப்பரில் கட்டிய விரலும், மணிக்கட்டும், முழங்கையும் யாருடையவோ போல மடியில் கிடந்தன.

"மா? தூக்குங்க லா."

'கொஞ்சம் இரு' என்று சொல்ல வாயைத் திறந்தாள். வாயிலிருந்து வேறு என்னவோ வந்தது. பேச்சுமில்லை, முனகலுமில்லை. ஹெட்போனில் அது அவளுக்கே கேட்டது. அது அக்காவின் சத்தம்.

மறுமுனையில் கன்ட்ரோலர் கீழே விழும் சத்தம் கேட்டது.

"மா, என் பேரைச் சொல்லுங்க."

சொல்லப் பார்த்தாள். பெயர் உள்ளே தெளிவாக இருந்தது, வெளியே வரவில்லை. அறை மெதுவாக இடது பக்கம் சாய்ந்தது. பிறகு கன்னத்துக்குக் கீழே குளிர்ந்த டைல்ஸ் இருந்தது. தான் சோபாவிலிருந்து விழுந்துவிட்டது அப்போதுதான் புரிந்தது. ஹெட்போன் பாதி கழன்று காதோரம் கிடந்தது. அதற்குள்ளிருந்து மகளின் குரல் எறும்பு அளவுக்குக் கேட்டது.

"மா, பயப்படாதீங்க. நான் சீனி அண்ணனுக்குப் போன் போடுறேன். ஹெட்போன்லயே இருங்க, நான் கட் பண்ண மாட்டேன். கேக்குதா? நான் இங்கதான் இருக்கேன்."

கேட்டது. எல்லாமே கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுவது, தெருவில் ரொட்டிக்காரனின் மோட்டார் ஹாரன், எல்லாம். தான் இங்கே இருப்பது வெளியே யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. மேசைக்கடியில் ஓர் ஈ பறந்தது. மங்களம் கண்ணை மூட முயன்றாள். அது கன்னத்தில் வந்து உட்கார்ந்துவிடும் என்று நிச்சயமாக நம்பினாள். நல்லவேளை, வலது கை இன்னும் அவளுடையதாக இருந்தது. அது கன்ட்ரோலரை விடவில்லை. அந்தப் பட்டனை விட்டால் ஷர்மினி கடலில் விழுந்துவிடுவாள் என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. அது வெறும் விளையாட்டு என்பது மறந்துபோயிருந்தது.

"அக்கா! மங்களக்கா!"

வாசலில் சீனியின் குரல். அடுத்த வீட்டுக்காரன், கிரில் வெல்டிங் செய்பவன். கதவை ஆட்டிப் பார்த்தான். உள்ளே பூட்டு தொங்கியது. "அக்கா, பூட்டை வெட்டுறேன், பயந்துக்காதீங்க!" என்று கத்தினான். கொஞ்ச நேரத்தில் இரும்பு அறுக்கும் மெஷின் அலறியது. வாசலில் நெருப்புப்பொறி பறந்தது. ஓடிவந்து அவள் முகத்தருகே மண்டியிட்ட சீனி, கட்டியிருந்த விரலைப் பார்த்து, "என்னக்கா இது?" என்றான். பதிலுக்குக் காத்திராமல் ரப்பரை அவிழ்த்துப் போட்டான். அவளைத் தூக்கித் தன் வேனில் படுக்க வைத்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் கூரை விளக்குகள் தலைக்கு மேலே ஒவ்வொன்றாக ஓடின. வட்டமான மெஷினுக்குள் தலையை வைத்தார்கள். பிறகு ஒரு திரைக்குப் பின்னால் படுக்க வைத்தார்கள். எவ்வளவு நேரம் கிடந்தாள் என்று தெரியாது. ஷர்மினி வந்தபோது வீட்டுச் செருப்பும் கசங்கிய டீ-சட்டையுமாக இருந்தாள். பினாங்கிலிருந்து அப்படியே காடியை ஓட்டி வந்திருக்கிறாள். தாயின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் பிடித்திருப்பதை மங்களம் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

டாக்டர் ஆர்த்திகா இளம்பெண். கட்டில் ஓரத்தில் குனிந்து, நிதானமாகக் கேட்டார்.

"அம்மா, இந்தச் சில மாசத்துல தலையில எங்கயாவது இடிச்சுக்கிட்டீங்களா? விழுந்தீங்களா?"

மங்களம் யோசித்தாள். பிறகு வலது கையைத் தூக்கி உச்சந்தலையைத் தொட்டாள். "கு... குகை" என்றாள். ஷர்மினி புரிந்துகொண்டாள்.

"குகைக் கோயில்ல, டாக்டர். தீபாவளிக்கு நான் வந்திருந்தப்போ ரெண்டு பேரும் போனோம். பாறை தாழ்வா இருந்துச்சு, நிமிரும்போது இடிச்சுக்கிட்டாங்க. ரத்தம்கூட வரல. நாங்க சிரிச்சோம்."

"வெளியே வரல. உள்ளே வந்திருக்கு" என்றார் டாக்டர். "மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவுல கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு தேங்கி நிக்குது. அது மூளையோட வலது பக்கத்தை அமுக்குறதால இடது கை கால் போச்சு, பேச்சும் குழறுது. இது எல்லாரும் பயப்படுற வாதம் இல்ல. சின்னதா துளை போட்டு அந்த ரத்தத்தை எடுக்கணும். இன்னைக்கே செய்யணும்."

"கை திரும்ப வருமா?" ஷர்மினி கேட்டாள்.

"பெரும்பாலும் வரும். முன்னாடியே வந்திருந்தா இன்னும் சுலபமா இருந்திருக்கும்."

மங்களம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணீர் மூக்கின் மேல் வழிந்து தலையணையில் இறங்கியது. தலையில் துளை போடுவார்கள் என்ற பயத்தைவிடப் பெரிய ஒரு வருத்தம் வந்திருந்தது. அன்று கிரில் கதவோடு திரும்பிய நாளில் நேரே போயிருந்தால்?

கண் விழித்தபோது தலையில் கட்டு இருந்தது, அதிலிருந்து ஒரு குழாய் போனது. முதலில் அவள் இடது கட்டைவிரலைத்தான் பார்த்தாள். 'அசை' என்று சொன்னாள். அசையவில்லை. இன்னொரு தடவை சொல்லப் பயமாக இருந்தது. மறுநாள் காலையில் நர்ஸ் போர்வையைச் சரிசெய்தபோது விரல் தானாகத் துடித்தது. அன்று சாயங்காலம் மடங்கியது. அதற்கும் அடுத்த நாள் "ஷர்மினி" என்ற பெயர் முழுதாக வாயிலிருந்து வந்தது.

துணி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்த ஷர்மினி திரும்பி வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ரப்பர் வளையத்தை எடுத்துக் காட்டினாள்.

"கன்ட்ரோலர் பக்கத்துல கிடந்துச்சு. விரல்ல கட்டியிருந்தீங்கன்னு சீனி அண்ணன் சொன்னாரு. எத்தனை நாளா?"

மங்களம் போர்வையை இழுத்து இடது கையை மூடிக்கொண்டாள்.

"நேரா நடக்குறீங்கன்னு நான் வேற சந்தோஷப்பட்டேனே மா!" ஷர்மினியின் குரல் உடைந்தது. "செத்திருப்பீங்க. நான் அந்தக் கயித்துல தொங்கிக்கிட்டே கேட்டுட்டு இருந்திருப்பேன்."

"பெரியம்மா மாதிரி ஆயிடுவேன்னு பயந்தேன் பாப்பா" என்றாள் மங்களம் மெல்ல. "நீ வேலையை விட்டுட்டு வந்து எனக்கு... அந்த வேலையெல்லாம்..."

"செய்வேன். திட்டிக்கிட்டே செய்வேன். அதுக்காகச் சொல்லாம இருப்பீங்களா?"

அந்தப் பதிலில் ஆறுதல் இருந்ததா என்று மங்களத்துக்குத் தெரியவில்லை. ஆனால் அது பொய் இல்லை என்று தெரிந்தது. மகளின் கையை இடது கையால் பிடித்தாள். பிடி பலமாக இல்லை. ஆனால் பிடிப்பது தெரிந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றைச் சொல்லித்தான் அனுப்பினார். சில பேருக்கு ரத்தம் மறுபடி தேங்கும். கை தளர்ந்தால், தலை கனத்தால், வார்த்தை தடித்தால் உடனே வர வேண்டும். அதைக் கேட்டதிலிருந்து ஒவ்வொரு காலையும் மங்களம் படுக்கையிலேயே கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். விரல்கள் வந்து தொட்டால்தான் எழுந்தாள்.

ஷர்மினி லீவு போட்டுவிட்டுத் தங்கியிருந்தாள். ஒரு மத்தியானம் கேம் பெட்டியைத் திறந்து உட்கார்ந்து, "மா, செட்டிங்ல போய் இந்த ரெண்டு பட்டனையும் பழையபடி மாத்திடலாம். கீழே பிடி, வலப்பக்கம் விடு. முன்னமே செஞ்சிருக்கணும், எனக்குத்தான் தோணல" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "இல்ல, புதுசுலயே பழகிட்டீங்கன்னா விட்டுடலாம்."

மங்களம் கன்ட்ரோலரைப் பார்த்தாள். அதைத் தொடவே பயமாக இருந்தது.

"மாத்திடு" என்றாள். "இனிமே தப்பு வந்தா பட்டன் மேல பழி போட எனக்கு இடம் இருக்கக் கூடாது."

மாற்றினார்கள். இருவரும் சோபாவில் அருகருகே உட்கார்ந்து அந்த மலையில் ஏறினார்கள். மங்களம் இடது கட்டைவிரலைக் குமிழின் மேல் வைத்தாள். திரையில் இருந்த பெண் நடந்தாள். நேராக, மெதுவாக. உச்சிக்கு வந்ததும் ஷர்மினி கயிற்றில் இறங்கத் தொடங்கினாள்.

பாதி தூரத்தில் கயிறு விட்டுப்போனது. ஷர்மினி கடலில் விழுந்தாள்.

இருவரும் அசையவில்லை. 'பெட்டிதான் கோளாறு' என்ற பொய் மங்களத்தின் வாய் வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"தப்பா அமுக்கிட்டேன் பாப்பா."

"எந்தக் கை?"

"வலது. வலப்பக்கம் பிடின்னு பழகித் தொலைச்சுட்டேன் போல."

"இடது கையைத் தூக்குங்க."

தூக்கினாள். ஷர்மினி சொல்லச் சொல்ல விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலோடு சேர்த்துப் பிரித்தாள். சுண்டுவிரலில் மட்டும் கொஞ்சம் நேரம் பிடித்தது. மகள் மூச்சை அடக்கிக்கொண்டு அந்த விரலையே பார்த்தாள். அது வளைந்து வந்து தொட்டது.

"சரி," என்றாள் ஷர்மினி, மூச்சை விட்டு. "நான் மறுபடி ஏறி வாரேன். அங்கேயே நில்லுங்க."